மலையடிவாரத்தில் விட்ட முயல்

இன்று காலை திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு முயலை விட்டுவிட்டு, காலிக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு கனகம்மாசத்திரம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிலத்தில் வேர்க்கடலை இப்போதுதான் முளைத்திருக்கிறது. முயல்கள் மேய்ந்து தீர்க்கின்றன. மாமனார் ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு மாலை போட்டிருப்பதால் எதையும் கொல்லக் கூடாது. அதனால்தான் கூண்டு. "சாமி மலைகிட்ட உட்டுட்டு வாம்மா, அவரு பாத்துப்பாரு" என்பார். இது மூன்றாவது முயல்.

பக்கத்து சீட்டு அக்கா கூண்டைப் பார்த்தார்.

"எலிக்காம்மா?"

"முயலுக்குங்க்கா. புடிச்சி உயிரோட உட்டுட்டேன்."

"நல்ல மனசும்மா உனுக்கு" என்று பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கிக் கடித்தேன். அக்கா தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"மலையடிவாரத்துலதான் எங்க நெலம். வேர்க்கடல ரெண்டு எலை உட்டுகினு கீது. இத்தினி வருசமா இல்லாத முயலு, இப்ப வந்து மேஞ்சிகினு கீது. எங்கருந்து வருதுன்னே தெரியல."

அதற்குமேல் அந்தப் பழத்தைக் கடிக்க முடியவில்லை.

"அந்தக் கூண்ட குடேன். நானும் அடிக்காம புடிச்சி உட்டுர்றேன்."

கொடுத்துவிட்டேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏது முகம்?

"நீ எங்க உட்டியோ அங்கியே உட்டுர்றேன். எடத்த மட்டும் சொல்லு."

என் ஸ்டாப் வந்துவிட்டது என்று சொல்லி இறங்கிவிட்டேன். என் ஸ்டாப்புக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தேன்.

கூண்டு எங்கே என்று மாமனார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்களாக இருந்தால் யாரிடம் முதலில் உண்மையைச் சொல்வீர்கள், அவரிடமா, அந்த அக்காவிடமா?