இன்றைய சூப் யாருக்காக

ருசாண்டாவுக்குச் சமைக்கத் தெரியும், சும்மா இருக்கத்தான் தெரியாது. பதினெட்டில் கல்யாணம், பத்தொன்பதில் மகள். ஊரில் பால்பண்ணை மூடியதும் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போனாள். முதுகு ஒடிந்தது போதும் என்று இத்தாலிக்கு மாறி, ஒரு கிழவிக்கு ஊட்டிவிட்டு, குளிப்பாட்டி, தூங்கவைத்து ஒன்பது வருஷத்தை அங்கேயே கழித்தாள். மகள் வளர்ந்ததைப் போனில்தான் பார்த்தாள். கணவன் டோரு தங்கமான மனுஷன், ஆனால் அடுப்படியில் ஒன்றும் தெரியாது. அந்த ஒன்பது வருஷமும் சோளக் களியும் பொரித்த முட்டையும்தான் அவனுக்குக் காலை, மதியம், இரவு.

அதனால்தான் எங்கள் ஸ்டெஜாரு ஊரில் நார்வே பணத்தில் சமையற்கூடம் வருகிறது, சமையல்காரி தேவை என்று டோரு போனில் சொன்னதும் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள்.

நார்வே பணம் என்பது ஊர் வைத்த பெயர். உண்மையில் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் என்று மூன்று நாடுகள் சேர்ந்து தருகிற பணம் அது. மூன்றாவது பெயரைச் சொல்லப் பார்த்து எங்கள் பாதிரியாரே தோற்றுப்போனார். ஐரோப்பாவுக்குள் இருக்கிற ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்கான நிதி என்று, திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் காமெலியா மேடம் நகரத்திலிருந்து வந்து திறப்பு விழாவில் அரைமணி நேரம் பேசினார். பின் வரிசையில் ஒருத்தர், "ஏத்தத்தாழ்வா? நம்ம தெருவத்தான் சொல்றாங்க. மழைக்காலத்துல வந்து நடந்து பாக்கட்டும்" என்றார். கூட்டம் சிரித்ததில் மீதிப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை.

திட்டம் இதுதான்: பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதால் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியம் ஒரு வேளைச் சூடான சாப்பாடு. நிபந்தனையும் ஒன்று உண்டு. இலையுதிர்காலத்தில் நார்வேயிலிருந்து ஒருத்தர் பார்க்க வருவார். அதற்குள் குறைந்தது இருபது பேர் அன்றாடம் வந்து சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் டிசம்பரோடு அடுப்பை அணைக்க வேண்டியதுதான். அடுப்பு அணைந்தால் ருசாண்டாவுக்கு மறுபடியும் இத்தாலிதான், வேறு ஒரு கிழவிதான்.

முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் புது நாற்காலி எப்படி இருக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க வந்தவர்கள். ருசாண்டா பெரிய பானை நிறையக் கோழிச் சூப் வைத்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஐரோப்பிய நிதியில் எங்கள் ஊரில் முதலில் கொழுத்தது அவள் வீட்டுப் பன்றிதான்.

அவள் வீடுவீடாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"எனக்கென்னம்மா குறை? மூணு புள்ளைங்க இருக்காங்க, மாசாமாசம் பணம் அனுப்புறாங்க. நான் அங்க வந்து தட்டு ஏந்தினா, பெத்தவளுக்குச் சோறு போடாத புள்ளைங்கன்னு ஊரு பேசாதா?"

சாப்பாடு அவர்களுக்குக் கசக்கவில்லை, பிள்ளைகள் மானம் போய்விடுமே என்ற பயம்தான். ருசாண்டாவுக்கும் அது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

அவளுடைய அப்பா பந்தெலிமோன் இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. வருஷ பொமானா கொடுக்க வேண்டும். செத்தவர் பேரைச் சொல்லி இருக்கிறவர்களுக்குச் சோறு போடுவதுதான் பொமானா. கிண்ணத்தில் உணவு, ஒரு கரண்டி, துண்டு, மெழுகுவர்த்தி. வாங்குகிறவர் நன்றி சொல்வதில்லை. 'பொக்தப்ரோஸ்தே' என்பார், கடவுள் செத்தவரை மன்னிக்கட்டும், இது அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று. வீட்டில் ஒரு பானை, வேலையில் ஒரு பானை என்று இரண்டு அடுப்பில் வேக அவளுக்குத் தெம்பில்லை. அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸை அப்பா பேரில் சமையற்கூடத்திலேயே செய்துவிட்டு, வாசலில் நின்று கூப்பிட்டாள்:

"எங்கப்பாவுக்காக, வாங்க!"

பதினேழு பேர் வந்தார்கள். மூக்கைப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தர் முகத்திலும் கூச்சம் இல்லை. இருக்குமா? அவர்களா வாங்கினார்கள், செத்தவருக்கல்லவா உபகாரம் செய்தார்கள்! பொமானாவை வேண்டாம் என்று சொன்னால் செத்தவர் அங்கே பட்டினி. அந்தப் பாவத்தை எங்கள் ஊரில் யார் தலையில் போட்டுக்கொள்வார்கள்?

மறுநாள் ருசாண்டா கதவில் ஒரு கரும்பலகையை மாட்டி, சாக்பீஸால் எழுதினாள்: இன்று என் மாமியார். அன்றும் கூட்டம். அதற்கு மறுநாள் டோருவின் சித்தப்பா. வார முடிவில் அவள் குடும்பத்துச் செத்தவர்கள் தீர்ந்துபோனார்கள். கவலைப்படத் தேவையிருக்கவில்லை. அதற்குள் ஊரார் தங்கள் ஆட்களோடு வந்துவிட்டார்கள்.

"ருசாண்டா, வியாழக்கிழமை எங்க அக்காவப் போடு. அவளுக்குப் பீன்ஸ் சூப்புதான் பிடிக்கும். உப்பு மட்டும் கம்மியா."

"செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரரு. சூப்புல காரம் தூக்கலா இருக்கட்டும். உசுரோட இருந்தப்ப நான் போடவே விட்டதில்ல."

பதினேழு பத்தொன்பதாயிற்று. அதோடு நின்றது. ஊரில் தனியாக வாழ்கிற முதியவர் இன்னும் ஒரே ஒருத்தர்தான் பாக்கி. அவர் இலாரி.

இலாரி ருசாண்டாவுக்கு அடுத்த வீடு. டிராக்டர் ஓட்டியவர். மனைவி பரஸ்கீவா போய் நாலு வருஷம் ஆகிறது. அவருக்கும் ஊருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் வீட்டுப் புகைக்கூண்டு இரண்டு நாளைக்கு ஒருதரம்தான் புகைந்தது. அவித்த உருளைக்கிழங்கையே வைத்து வைத்துத் தின்கிறார் என்று ருசாண்டாவுக்குத் தெரியும். ஆள் வற்றிப்போயிருந்தார். ஆனாலும் தினமும் காலையில் வேலியோரம் வந்து கேட்பார்:

"இன்னிக்கு யாரு?"

"எங்கப்பா, அண்ணே."

"உங்கப்பனா? வேலிய ஒரு முழம் தள்ளிப் போட்டவன். அவன் பேர்ல ஒரு வாய் தின்னாலும் எனக்குச் செரிக்காது."

இன்னொரு நாள் பழைய வாத்தியார். "என் காதத் திருகினவன்." அடுத்து மாவு மில்காரர். "மாவுல உமி கலந்தவன். நரகத்துலயும் கலந்துட்டுத்தான் இருப்பான்." முந்தைய பாதிரியாரையாவது ஒத்துக்கொள்வார் என்று பார்த்தால், "என் கல்யாணத்துல பாதி ஜெபத்த முழுங்கினவன். அதுக்கப்புறம் விருந்தையும் முழுங்கினான்" என்றார். ஊர்க் கல்லறையில் இலாரி சண்டை போடாத ஆள் ஒருத்தர்கூட இல்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள்.

"யாருக்காக?" என்றார் இலாரி.

"யாருக்காகவும் இல்லண்ணே. சும்மாதான்."

"சும்மா தின்ன நான் என்ன உன் வீட்டுப் பன்னியா?" கதவு சாத்திக்கொண்டது.

நார்வேக்காரர் வரும் நாளும் வந்தது. காமெலியா மேடம் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, கரும்பலகையைப் பார்த்து அலறினார்.

"என்னது இது? சமையக்கூடமா, கல்லறையா? நார்வே பணம் உயிரோட இருக்கறவங்களுக்கு! செத்தவங்களுக்குச் செலவு பண்றோம்னு தெரிஞ்சா முழுப் பணத்தையும் திருப்பிக் கேப்பாங்க. அழி முதல்ல!"

ருசாண்டா ஈரத்துணியை எடுத்து வந்து அழித்தாள்.

வந்தவர் பெயர் மாரித். ஐம்பது வயதிருக்கும், நெட்டையான பெண்மணி. மழைக்கோட்டோடு வந்து, தன் வீட்டு வழக்கம்போல வாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். இருபது கிண்ணத்தில் சூப் ஊற்றி வைத்திருந்தது. ஆவி பறந்தது. ஆனால் ஆள் ஒருவரும் உள்ளே வரவில்லை. பத்தொன்பது பேரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். வெற்றுப் பலகையையே பார்த்தார்கள்.

"இன்னிக்கு யாருக்காக?" என்றது ஒரு குரல்.

"யாருக்காகவும் இல்ல. திட்டத்துக்காக!" என்றார் காமெலியா.

"அய்யய்யோ, திட்டம் செத்துப்போச்சா?"

ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று மாரித் கேட்டார். கூச்ச சுபாவம் என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார் காமெலியா. சூப் ஆறிக்கொண்டிருந்தது. ருசாண்டாவுக்கு அந்த ஆவியோடு தன் வீடும், டோருவும், எல்லாமே போவதாகப் பட்டது. இனிப் பயந்து என்ன ஆகப்போகிறது என்று முன்னே வந்தாள்.

"மேடம், நான் சொல்றத அப்படியே அவங்களுக்குச் சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க."

அப்பாவின் பொமானாவில் ஆரம்பித்து, பலகை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினாள். காமெலியா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். மாரித் வெற்றுப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒன்று கேட்டார்.

"செத்தவங்க வெளியூர்க்காரங்களா இருந்தாலும் பரவாயில்லையான்னு கேக்கறாங்க" என்றார் காமெலியா.

"செத்தப்புறம் ஏது மேடம் வெளியூரு?"

மாரித்தின் தம்பி ஒட்வார். கடலில் மீன் பிடித்தவன். போன குளிர்காலத்தில் இறந்துபோனான். ருசாண்டா அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, பலகையில் பெரிதாக எழுதினாள். ஒரு கிண்ணத்தில் சூடாக ஊற்றி, கரண்டியும் துண்டும் மெழுகுவர்த்தியும் சேர்த்து மாரித்தின் கையில் கொடுத்தாள். முதல் கிண்ணத்தைக் குடும்பத்து ஆள்தான் கொடுக்க வேண்டும். மாரித் காலுறையோடே முற்றத்து ஈரத்தில் இறங்கினார்.

வெளிநாட்டுக்காரியை வேடிக்கை பார்க்க இலாரியும் வந்திருந்தார், சமையற்கூடத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

"யாரு இந்த ஒட்வாரு?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "வேலிய கீலியத் தள்ளிப் போட்டவனா?"

காமெலியா சொன்னதைக் கேட்டு மாரித் சிரித்துவிட்டார். "அவன் பாதி ஆயுசு கடல்லதான் இருந்தான். அங்க வேலி கிடையாது."

இலாரி யோசித்தார். மோவாயைச் சொறிந்தார். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு வம்பும் அகப்படவில்லை.

"அப்படின்னா எனக்கும் அவனுக்கும் ஒரு சண்டையும் இல்ல" என்று வேலியைத் தாண்டி வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினார். "பொக்தப்ரோஸ்தே."

பத்தொன்பது பேரும் அவர் பின்னால் உள்ளே நுழைந்தார்கள். ருசாண்டா எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது.

சாப்பாட்டு நடுவில் பேச்செல்லாம் ஒட்வாரைப் பற்றித்தான். கல்யாணம் ஆனவனா, குடிப்பானா, என்ன மீன் பிடிப்பான் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். மாரித் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார். அப்பாவின் படகுக் கொட்டகைக்காகத் தம்பியோடு ஆறு வருஷம் பேசாமலே இருந்துவிட்டாராம். அவன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மீன் அனுப்புவானாம். இவர் ஒருதரம்கூடப் போன் செய்யவில்லை. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

இலாரி ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அழாத தாயி. சாப்பிடு. அவனுக்குப் போய்ச் சேந்துடுச்சு. நான்தான் ரெண்டு கிண்ணம் தின்னேனே."

மாரித் அழுதுகொண்டே சிரித்தார். இலாரி வாயைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"ருசாண்டா, மார்ச்சு ஒம்பது காலியா இருக்கா?"

பரஸ்கீவா இறந்த நாள் அது. நாலு வருஷமாக அவளுக்கு ஒரு பொமானாவும் நடக்கவில்லை. கொடுப்பதென்றால் ஊரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட இலாரிக்கு வாய் வரவில்லை. தான் பட்டினி கிடந்தது அவருக்குப் பெரிதில்லை, அவளையும் பட்டினி போட்டதுதான் மனசை அரித்திருக்கிறது.

ருசாண்டாவுக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"அண்ணே, டிசம்பருக்கு அப்புறம் இங்க அடுப்பு எரியுமான்னே தெரியலையே. எரியலன்னா நான் மறுபடியும் இத்தாலிதான்."

"அப்ப என் பொண்டாட்டிக்கு யாரு சமைப்பா?" இலாரி காமெலியாவைப் பார்த்து முறைத்தார்.

மாரித் என்னவென்று கேட்டார். காமெலியா இந்தத் தடவை எதையும் பூசி மெழுகவில்லை. எல்லாவற்றையும் சொன்னார், இத்தாலி உட்பட. மாரித் எழுந்து போய், பலகையடியிலிருந்த சாக்பீஸை எடுத்து ருசாண்டாவிடம் நீட்டினார்.

"மார்ச்சு ஒம்பத எழுதிக்கச் சொல்றாங்க" என்றார் காமெலியா. அவர் குரலே மாறியிருந்தது. "இன்னும் ரெண்டு வருஷம் நீட்டணும்னு அறிக்கை எழுதப்போறது அவங்கதானாம். மேல இருக்கறவங்க சரின்னு சொல்லணும். ஆனா இவங்க கேட்டு அவங்க இதுவரைக்கும் மாட்டேன்னு சொன்னதில்லையாம்."

ருசாண்டா எழுதினாள். அவசரத்தில் எழுத்து கோணிப்போனது.

"நேரா எழுதேன். அவ இதுலெல்லாம் ரொம்பக் கறார்" என்றார் இலாரி.

அவள் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மார்ச் ஒன்பது நாற்பது வேதசாட்சிகளின் திருநாளும்கூட. எட்டு வடிவத்தில் மாவை முறுக்கிச் சர்க்கரைத் தண்ணீரில் வேகவைத்து, மேலே அக்ரூட் பருப்பை அள்ளிப் போடுவார்கள்.

"அக்ரூட் நிறைய வேணுமே" என்று தன்னை அறியாமல் சொன்னாள் ருசாண்டா.

"என் வீட்டுப் பரண்ல ஒரு மூட்டை இருக்கு. உடைக்கத்தான் ஆளில்ல" என்றார் இலாரி.

"கொண்டாங்கண்ணே, நாங்க உடைச்சித் தர்றோம்" என்று பின் மேஜையிலிருந்து மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இலாரி அவர்களைத் திரும்பிப் பார்த்தார். சண்டைக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடியது போலிருந்தது. பிறகு, "நாளைக்கே கொண்டாறேன்" என்றார்.

ருசாண்டா அடுப்படிக்குள் போய், கதவை ஒருக்களித்துவிட்டு, தானும் ஒரு கிண்ணம் சூப் ஊற்றிக்கொண்டாள். மார்ச்சில் நான் இங்கேதான் இருப்பேன் என்று நினைத்தபோது சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுது முடித்துவிட்டு, வெளியே எட்டிப் பார்த்து, யாருக்கு இன்னும் வேண்டும் என்று கேட்டாள்.