சட்டைப்பையில் ஒரு சீப்பு

போர்க்காலத்தில் பழுகாமத்தில், இடம்பெயர்ந்த பிள்ளைகளை வைத்துப் பராமரித்த வெள்ளைக்கார சிஸ்டரின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். நான் படம் பிடிக்கப் போனால், அந்தச் சீப்பால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலை இழுத்து, நல்ல உடுப்பு உடுத்தித்தான் நிறுத்துவார். படங்கள் அவருடைய ஊர்த் தேவாலயத்துக்குப் போகும். அங்குள்ளவர்கள் அனுப்பிய உதவியில்தான் இங்கே உலை கொதித்தது.

ஒருமுறை அங்கிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகள் வசதியாகத் தெரிகிறார்களாம். கிழிந்த உடுப்போடு, அழுதபடி எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

"அனுப்பாட்டி உதவி நிண்டிருமே சிஸ்டர்," என்றேன்.

"நிண்டா நிக்கட்டும் மனே. படம் எடுக்கிற எண்டா இஞ்ச ஆரும் கிழிஞ்சத உடுப்பாங்களா? முதல்ல அவங்க அழுது ஒரு படம் எடுத்து அனுப்பட்டும். அப்பிடித்தான் எழுதப் போறன்."

எழுதியும் விட்டார். இரண்டு மாதம் பதிலே இல்லை, பிள்ளைகளுக்குக் கஞ்சிதான். பிறகு உதவியோடு ஒரு படமும் வந்தது. அந்தச் சபையார் எல்லோரும் கோட்டும் டையுமாக வரிசையில் நின்று சிரித்தார்கள்.

சிஸ்டர் இனியாவது இளகுவார் என்று நினைத்தேன். அவர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"கடைசியில நிக்கிறவர் தலை இழுக்கல்ல," என்றார்.