கன்னியப்பன் என்று கூப்பிட்டேன்

போன சனிக்கிழமை மகளின் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். சிறுசேரிக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்காரி என் கையை உதறிவிட்டு வராந்தாவில் ஓடினாள். "மீரா! எங்க அப்பா வந்திருக்காரு" என்று கத்தினாள். கூடப் படிக்கிற பெண் யாரோ என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால், காதோரம் நரைத்த, என் வயதுக்காரப் பெண்மணி ஒருவர் சிரித்தபடி வந்துகொண்டிருந்தார். வகுப்பாசிரியை.

எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். என் மனைவியே, "ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்று கேட்டாள். நான் இரண்டு கையையும் கூப்பி "வணக்கம் மிஸ்" என்றேன். இங்கே எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், நீங்களும் மீரா என்றே சொல்லலாம் என்றார் அவர். ஐம்பது வயது ஆள் நான், "சரிங்க மிஸ்" என்றேன்.

காரில் திரும்பும்போது மனைவி அந்தப் பள்ளிக்கூடத்தின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். சாரும் மிஸ்ஸும் இல்லாததால் பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்கிறார்களாம். இருக்கலாம். பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: "நீ உங்க சாரை எப்படிப்பா கூப்பிடுவ?"

"சார்னுதான். வேற எப்படி?" என்றேன்.

அது பொய். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்தப் புதுப் பள்ளிக்கூடத்தின் வராந்தாவில் எலுமிச்சை வாசனை அடித்தது, தரை துடைக்கிற திரவம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏரியின் வாசனைதான். செம்பாக்கம் தாண்டி, தாம்பரத்துக்குக் கிழக்கே இருந்தது எங்கள் ஊர். மழைக்காலத்தில் ஏரி நிறைந்தால் வகுப்புக்குள் பாசி வாசனையும் நனைந்த காக்கி டவுசர்களின் வாசனையும் சேர்ந்து வரும். அங்கே ஆசிரியர்கள் யாருக்கும் பேர் கிடையாது. தலைமை ஆசிரியர் 'பெரிய சார்'. அப்புறம் தையல் டீச்சர், கணக்கு சார். கணக்கு சாரை அவர் வீட்டில் அவர் மனைவியும் கணக்கு சார் என்றுதான் கூப்பிடுவார் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். ஒருமுறை அவருக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் எங்களிடம் காட்டி விசாரிக்க, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டோம். அதற்காக வாங்கிய அடி தனிக்கதை.

நான் ஆறாம் வகுப்பு போனபோது கன்னியப்பன் வந்தார். அவர் ஒருவருடைய பேர் மட்டும் எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஏனென்றால் அவர் எங்கள் ஊர்தான், காலனி. அவருடைய அப்பா எங்கள் கழனியில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர். நாங்கள் ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பம். எங்கள் வீட்டில் அவர் அப்பாவையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவரையும் பேர் சொல்லித்தான்.

வாத்தியார் படிப்புக்கு அவர் தினமும் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போவார். எங்கள் தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவார். கடைசி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே நடந்து, அப்புறம் ஏறிக்கொள்வார். பாவம், செயின் கழன்றுகொள்கிற சைக்கிள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் தெருவில் மட்டும் எப்படித் தினமும் கழலும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு புத்திசாலி.

வேலையில் சேர்ந்த அன்று அவர் இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை, காலரில் மடித்துவைத்த கைக்குட்டை. குறுக்கே நின்ற எருமைக்கு மணி வேறு அடித்தார். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என் அப்பா அப்படியே நிறுத்திவிட்டு, சைக்கிள் தெருவைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு, புது வாத்தியாரை நீ எப்படிக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார். சார் என்றேன். அப்பா கோபப்படவில்லை. எதிர்வீட்டில் போய் மோர் வாங்கி வா என்கிற மாதிரியான குரலில்தான் சொன்னார்.

"இன்னாடா சாரு? நம்ம கன்னியப்பன்தானே. பேரு கீதுல்ல, பேரச் சொல்லு."

நான் தயங்கினேன், மனசு கேட்கவில்லை என்றெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் தெருப் பையன்கள் மூன்று பேரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் கன்னியப்பன் சார் பின்னம் நடத்தினார். கணக்கு சார் பின்னத்தைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். இவரோ பையிலிருந்து பெரிய கொய்யாப்பழம் ஒன்றை எடுத்தார். செய்தித்தாளை விரித்து, பாதியாக, கால்வாசியாக, அரைக்கால்வாசியாக நறுக்கினார். வகுப்பு முழுக்க வாசனை. ஒரு முழுப் பழத்தில் இந்த மாதிரித் துண்டு எத்தனை இருக்கும் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"எட்டு, கன்னியப்பா."

பதில் சரி, பாருங்கள். அதுதான் இன்னும் கொடுமை.

யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் காலனிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் கத்தியைக் கைக்குட்டையில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு, "சரி. எட்டு" என்றார். துண்டுகளை இன்னும் சின்னதாக்கி எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் வாங்கித் தின்றேன்.

மறுநாளிலிருந்து மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் அது விளையாட்டாகிவிட்டது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுவிட்டு ஓடுவோம். அவர் எங்களை ஒரு அடிகூட அடிக்கவில்லை. விஷயம் தெரிந்து பெரிய சார்தான் மரஸ்கேலால் என்னை வெளுத்தார்.

அடுத்த நாள் காலை அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கூட இரண்டு பேர். முற்றத்தில் நின்று, குரலை உயர்த்தாமலே பெரிய சாரிடம் கேட்டார்.

"பேரச் சொன்னது தப்பா? அப்புறம் எதுக்கு பேரு வெக்கிறது?"

பெரிய சார் குடியிருந்தது எங்கள் வீடு ஒன்றில். அவர் என்ன சொல்வார்? உள்ளே வந்து டீ சாப்பிடுங்கள் என்றார். வராந்தாவில் வருகைப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கன்னியப்பன் சார் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. நான் ஜெயித்துவிட்டேனா என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். இது இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்து வைத்திருந்தவர் மாதிரி நின்றார். ஒரு பதினோரு வயதுப் பையனை அந்த முகம் ராத்திரியில் தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டும். நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவர் எங்கள் தெரு முனையில் சைக்கிளை விட்டு இறங்கினார். கடைசி வீடு வரை தள்ளிக்கொண்டு போனார். அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அரையாண்டு விடுமுறை முடிந்து போனபோது அவர் இல்லை. வண்டலூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள்.

மீரா தன் பேரைத் தானே எங்களிடம் கொடுத்தார், வைத்துக்கொள்ளுங்கள் என்று. கன்னியப்பன் சாரிடம் நாங்கள் அப்படிக் கேட்டு வாங்கவில்லை. அவர் பேரை வைத்தே அவரை அடித்தோம். மகள் கத்தியபோது எனக்கு வேர்த்தது இதனால்தான்.

அவரை இன்னொரு தடவை பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாஸ்போர்ட்டுக்காக ஜெராக்ஸ் காப்பிகளில் அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டியிருந்தது. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் அலைக்கழிக்காமல் போட்டுத் தருவார் என்று யாரோ சொல்ல, போனேன். கதவில் பேர்ப்பலகை. படித்ததும் திரும்பிவிடப் பார்த்தேன். அதற்குள் பியூன் என் காகிதங்களை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்.

முடி நரைத்திருந்தது. காலரில் கைக்குட்டை இல்லை. "வணக்கம் சார்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தச் சொல்! காகிதத்தில் என் பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் இருந்தன. பார்த்தார். உங்களிடம் ஆறாம் வகுப்பு படித்தேன் சார் என்றேன்.

"அப்படியா? எத்தனையோ பசங்க. ஞாபகம் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் நிதானமாக முத்திரை குத்தினார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். வாசலில் நின்றபோதே வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். "சார், அன்னிக்கு நான்" என்று ஆரம்பித்தேன். அவர் காகிதங்களை என் கையில் வைத்து, ஒரிஜினலைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றார். கதவருகே வந்துவிட்டேன். அப்போது கேட்டார்:

"அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன். இப்ப தெரியுதா?"

"தெரியுது சார்" என்றேன்.

எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. என் வாயிலிருந்து அதைக் கேட்க மட்டும் அவருக்கு இஷ்டமில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். என் பஸ் இரண்டு போய்விட்டது.

இப்போது அவர் இல்லை, அப்பாவும் இல்லை. கழனியில் நான்கு மாடிக் குடியிருப்புகள் வந்துவிட்டன, வாடகை எனக்குத்தான் வருகிறது. பிள்ளைகள் வராமல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல், அந்த மூன்று பேரில் ஒருவனுக்குப் போன் செய்தேன். கம்பி, சிமெண்ட் கடை வைத்திருக்கிறான். கன்னியப்பன் சாரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? நல்ல சாரு. கணக்கு சூப்பரா நடத்துவாரே. பாதியில போய்ட்டாரு."

ஏன் போனார் என்று கேட்டேன்.

"டிரான்ஸ்ஃபர்டா. கவர்மெண்ட் வேலைன்னா அப்டித்தான்."

நாம்தானே, நாம் நான்கு பேர்தானே என்றேன். எதிர்முனையில் சிமெண்ட் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. "நாமளா? நாம இன்னா பண்ணோம்?" என்று கேட்டான். மறைக்கவில்லை, மழுப்பவில்லை, அவனை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். உண்மையிலேயே அவனிடம் அந்த ஞாபகம் இல்லை.