மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு

எனக்குக் கோணல்மாணலாகத்தான் எழுத வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தது ஐந்தாவது வரைதான்.

தூத்துக்குடியில் பி.எட். படிக்கும் பெண்கள் விடுதியில் சமைக்கிறேன். ஒருநாள் காலை ஜெனிபர் என்ற பிள்ளை, அன்று வகுப்பில் வாசிக்க வேண்டிய கதையைத் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினாள். அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் நடக்கும் கொலை. கடலுக்குள் முங்கியவனின் கயிற்றைத் தோணியில் பிடித்திருந்த தம்பியே, இழுக்காமல் விட்டுவிடுகிறான்.

தோசையோடு நின்ற நான் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "தம்பி கையில கயிறு குடுக்க மாட்டாவம்மா. பொண்டாட்டி கூடப்பிறந்த மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியறுக்க மனசு வராதுல்லா."

"ஏளா, ஒன் கொலைகாரன ஆச்சி விடுதலை பண்ணிட்டாவ" என்று ஒருத்தி சிரித்தாள். ஜெனிபர் முகம் வாடி, சாப்பிடாமலே போய்விட்டாள். அவள் மார்க்கு என்னால் போய்விடுமே என்று எனக்கு வேலையில் கை ஓடவில்லை.

மதியம் வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆச்சி, மச்சானத் தந்திரமா கரையில நிறுத்திட்டுத் தம்பி கயிறு பிடிச்சான்னு மாத்திட்டேன். இப்ப கொலைகாரனக் காட்டிக்குடுக்கிற துப்பே அதுதான். மிஸ்ஸுக்கு ரொம்பப் பிடிச்சுட்டு."

அப்பாடா என்றிருந்தது. இப்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் பேசும்போது நான் அடுப்படிக்கு ஓடுவதில்லை, நின்று கேட்கிறேன்.

கயிற்று விவரம், சங்கு குளித்த எங்கள் அப்பா சொல்லிக் கேட்டது. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் புண்ணியம்.