வரப்போரம் அடுக்கிய தட்டை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி எடமலைப்பட்டி புதூருக்கு வந்த நாளிலிருந்தே அந்தப் பேர் உண்டு. அறுபதுகளின் நடுவில், புருஷனை இழந்த என் நாத்தனார் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "எத்தனை நாளைக்காம்?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டவள்தான் நான். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அது அக்கா காதில் விழுந்திருக்க வேண்டும். மறுநாளே தன் தம்பியான என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "கொல்லை சும்மாதானே கிடக்கு? மக்காச்சோளம் போடுறேன். ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டுறேன். முடியலேன்னா கொழுந்தனார் வீட்டுக்கே போயிடுறேன்." அங்கே போவதென்றால் எட்டுப் பேருக்குச் சமைத்து, பத்துப்பாத்திரம் தேய்த்து, மிச்சத்தைச் சாப்பிடுவது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

என் வீட்டுக்காரர் திருவெறும்பூருக்கு வேலைக்கு பஸ்ஸேறிப் போனதும் நாங்கள் இருவரும் கொல்லையில் இறங்கிவிடுவோம். பயிர் முழங்கால் உயரம் வந்தபோது இலைகளில் குறுக்கே வரிசையாகப் பொத்தல்கள் தெரிந்தன. சிலவற்றில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தது. அடியில் அழுகல் நாற்றம். "புழு உள்ள இருக்கு," என்றார் அக்கா. புழு விழுந்த பயிரையெல்லாம் வேரோடு பிடுங்கினோம். "ஒண்ணு விடாம கொளுத்திடும்மா," என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் கட்டப் போனார்.

எனக்கு மனசு வரவில்லை. மாடு கன்று உள்ள வீட்டில் பிறந்தவள் நான். மாட்டுக்குத் தீனியாகிற சோளத்தட்டையைக் கொளுத்துவது எங்களுக்குச் சோற்றைக் குப்பையில் கொட்டுவது மாதிரி. வாயில்லா ஜீவன் கோடையில் எதைத் தின்னும்? வேலிக்குப் பின்னால் வரப்போரம் அடுக்கிக் காயப்போட்டேன். அக்காவிடம் மூச்சுவிடவில்லை. பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு!

சில வாரம் கழித்து, கதிர் விடும் நேரத்தில் மறுபடியும் பொத்தல். அந்த வரப்பை ஒட்டிய வரிசைகளில்தான் அதிகம். தண்டுகள் ஒடிந்து சாய்ந்தன. அக்கா வேலிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். ஒரு தட்டையை எடுத்து அரிவாளால் பிளந்தார். உள்ளே நெடுகப் புழு குடைந்த வழி. அதன் முடிவில் காலியான கூட்டின் ஓடு. செத்த பயிர் என்று நான் அடுக்கிவைத்ததற்குள்ளேயே புழு வளர்ந்து, பூச்சியாகிப் பறந்து, மிச்சப் பயிரில் முட்டையிட்டிருக்கிறது.

அக்கா என்னைத் திட்டவில்லை. "இப்பவாவது கொளுத்திடலாம், வா," என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அன்றைக்கு அழத்தான் முடிந்தது.

அறுவடையில் பாதிக்கு மேல் மணி பிடிக்காத பொக்கைக் கதிர். செய்தி கேட்டு அக்காவின் கொழுந்தனார் வந்தார். குவியலைக் காலால் புரட்டிப் பார்த்தார். "தாலியறுத்த கை விதைச்சா இப்படித்தான். கிளம்புங்க அண்ணி."

அக்கா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

"நில்லுங்க!" என்றேன். "அந்தக் கை விதைச்சது நல்லாத்தான் வந்துச்சு. கெடுத்தது தாலி கட்டியிருக்கிற இந்தக் கைதான். அக்கா கொளுத்தச் சொன்னதை நான்தான் ஒளிச்சு வச்சேன். அவங்க எங்கேயும் வரமாட்டாங்க. அடுத்த வெள்ளாமையும் அவங்கதான் போடுவாங்க. நீங்க போயிட்டு வாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அக்கா கையிலிருந்து பெட்டியை வாங்கினேன். கனமே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது பின்னாலிருந்து அக்கா கேட்டார்:

"எத்தனை நாளைக்காம்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "என் வாய் அடங்குற வரைக்கும் இருங்கக்கா," என்றேன். அது இன்றுவரை அடங்கவில்லை. அக்கா கடைசிவரை எங்களோடுதான் இருந்தார்.