இரண்டாவது வெடி

புதுத் துப்பாக்கியை மூடும்போது வரும் சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பழைய துப்பாக்கி கதவுக் கொண்டி விழுவதுபோல ‘கடக்’கென்று மூடும், புதியதோ கனத்த இரும்புப் பெட்டியின் மூடி கடைசி இம்மியில் தானே இழுத்துக்கொள்வதுபோல ‘டுப்’பென்று அடங்கும், அதோடு புது மரமும் எண்ணெயும் கலந்த வாசனையொன்று கொஞ்ச நேரம் வீட்டுக்குள் நிற்கும்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. கொல்லிமலையில், திருப்புளி நாடு என்னும் ஊர்த்தொகுதியில், ஓடைக்கு மேலே இருந்த சரிவில் ஐந்து வீட்டாரின் குச்சிக்கிழங்கு நிலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நிலத்தைக் ‘காடு’ என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். எங்கள் காட்டுக்கு அடுத்தது சித்தப்பாவின் காடு. கிழங்கு முற்றும் கார்த்திகையில் பொழுது சாய்ந்ததும் ஓடையிலிருந்து பன்றிகள் ஏறி வரும். ஐந்து வீட்டாரும் முறை வைத்துக் காவல் இருப்பார்கள். மற்றவர்களிடம் தகரமும் தீப்பந்தமும் இருந்தன, துப்பாக்கி எங்களிடம் மட்டும்தான். அப்பா போர்வெல் லாரியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார் என்பதால் பயிர்க்காவல் லைசன்ஸ் அம்மாவின் பெயரில் இருந்தது, லைசன்ஸ் யார் பெயரிலோ அவர் மட்டுமே சுடலாம். ஆகவே யாருடைய முறையானாலும் அம்மா போயாக வேண்டும். காவல் பாறையின் அடியில் ஆண்கள் நின்று அம்மா முதலில் ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். அவளுக்காக ஆண்கள் அப்படிக் காத்திருக்கும் வேறு இடம் எதுவும் அந்த ஊரில் இல்லை.

அம்மா பன்றியைச் சுட்டதில்லை, வானத்தைப் பார்த்துத்தான் சுடுவாள். ஆனால் இரண்டு வெடி வேண்டும். முதல் வெடிக்குப் பன்றிகள் மண்ணிலிருந்து மூக்கை எடுத்து நிமிரும். அடுத்த மூச்சுக்குள் இரண்டாவதும் வெடித்தால் ஓடையில் இறங்கி ஓடிவிடும், வெடிக்காவிட்டால் நிதானமாகப் பக்கத்துக் காட்டுக்கு நகர்ந்து அங்கே தோண்ட ஆரம்பிக்கும்.

பழைய துப்பாக்கியின் பூட்டு தேய்ந்து, இனிப் பழுது பார்க்க முடியாது என்று சேலத்துக் கடைக்காரர் கையை விரித்த பிறகு, அப்பா அம்மாவோடு போய் வாங்கித் தந்துவிட்டுப் போனதுதான் புதியது. பழையதில் இரண்டு குழல்களும் பக்கம் பக்கமாக இருக்கும். இதில் ஒன்றின் மேல் ஒன்று. சித்தப்பா அதைப் பார்த்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங்க அண்ணி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்குது, கீழ இருக்கறதுக்கு மூச்சு முட்டாதுங்களா?”

“உங்களுக்கு முட்டாம இருந்தாச் சரி தம்பி,” என்றாள் அம்மா.

எனக்கு எதையும் எழுதி வைத்தால்தான் தூக்கம் வரும். மீதமிருந்த கணக்கு நோட்டொன்றில் ‘துப்பாக்கியின் குணங்கள்’ என்று தலைப்புப் போட்டேன். திறக்கும் லீவர் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் கோணி நிற்கிறது என்பது முதல் குணம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன். அடுத்தது, அதை முட்டியில் வைத்து அழுத்தி முழுக்கத் திறந்தாலொழிய கீழ்க்குழலுக்குள் தோட்டா நுழையாது. திறந்து மூடினால், விசையைப் பூட்டிவைக்கும் சேஃப்டி தானாகவே விழுந்துகொள்ளும். இது தெரியாமல் முதல் நாள் அம்மா விசையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டி விரட்டினாள். சுட்ட பின் திறந்தால் காலித் தோட்டாக்கள் தவளை மாதிரி பின்னால் எகிறும், அதைப் பொறுக்குவது என் வேலை. எல்லாவற்றையும்விடப் புதுமை, இரண்டு குழலுக்கும் சேர்த்து ஒரே விசை. ஒருமுறை இழுத்தால் கீழ்க்குழல், மறுமுறை இழுத்தால் மேல்குழல்.

மறுமுறைதான் தகராறு. சில நாள் வெடித்தது, சில நாள் வெடிக்கவில்லை. வெடிக்காத நாளில் விசை வெறுமனே ஆடும், பன்றிகள் சித்தப்பாவின் காட்டுக்கு நகரும்.

முதல் தடவை சித்தப்பா சிரித்தார். “எங்காட்டுக்குப் பன்னி பத்தி உடறதுக்குன்னே வாங்கினதுங்களா அண்ணி?” இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை அவர் காட்டில் நான்கு வரிசைக் கிழங்கு மல்லாந்து கிடந்தது. காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, கையிலிருந்த பாதிக் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தைக்கு அண்ணன் வரட்டுங்க. லைசன்ஸ எம்பேருக்கு மாத்திக்கறதப் பத்திப் பேசிக்கலாம். பொம்பள விரலுக்கு இந்த விசை ஒத்து வரல போலங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

“பேசிக்கலாம் தம்பி,” என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் சோறு வடிக்கும்போது கஞ்சி முழுவதும் அடுப்பில் கொட்டியது.

தைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் நோட்டில் கட்டம் போட்டேன். கிழமை, பனி இருந்ததா இல்லையா, முதல் வெடி, இரண்டாவது வெடி. இவற்றில் எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. பனி உள்ள நாளிலும் வெடித்தது, இல்லாத நாளிலும் ஏமாற்றியது. எழுதுவதற்கு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தபோது, சில நாள் காலையில் அம்மா தோளைத் திருப்பிக் காட்ட நான் விளக்கெண்ணெய் சுடவைத்துத் தடவுவது நினைவுக்கு வந்தது. துப்பாக்கி பின்னால் உதைத்துத் தோளில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருக்கும். சில நாள்தான், எல்லா நாளும் இல்லை. எந்தெந்த நாள் என்று அம்மாவையே கேட்டு, ‘தோள்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து நிரப்பினேன்.

தோள் கன்றிய நாளெல்லாம் இரண்டாவது வெடித்திருந்தது. கன்றாத நாளெல்லாம் ஏமாற்றியிருந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நோட்டை அம்மாவிடம் நீட்டினேன். அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு விரலால் கட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

“வலிக்காத நாளு நல்ல நாளுன்னு நெனச்சிருந்தேன் கண்ணு,” என்றாள். பிறகு தோளைத் தொட்டுக்கொண்டு, “ஒதைக்கலீன்னா அன்னிக்குத் தோட்டாவுல வேகமில்லேன்னுதான அர்த்தம்?”

எழுந்து போய் அடுப்புக்கு மேலே தொங்கிய மூங்கில் தட்டிலிருந்து தோட்டாப் பையை எடுத்து வந்தாள். மழையும் பனியும் ஓயாத மலையில் விதை ராகியை அடுப்புப் புகையில்தான் காப்போம். தோட்டாவையும் அதே தட்டில் விதையோடு விதையாக வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். தாத்தா வைத்துவிட்டுப் போனதும், அப்பா புதிதாக வாங்கி வந்ததும் ஒரே பையில் கலந்து கிடந்தன. அம்மா எல்லாவற்றையும் முறத்தில் கொட்டிச் சொத்தை பொறுக்குவதுபோலப் பிரித்தாள். பித்தளை அடி கறுத்துப்போன தாத்தா காலத்தவை ஒரு பக்கம், பளிச்சென்று இருந்தவை ஒரு பக்கம். நான் காலித் தோட்டா சேர்த்து வைத்திருந்த டப்பாவையும் கவிழ்த்தேன். அதிலும் அந்த இரண்டு நிறமும் இருந்தன.

பழைய துப்பாக்கிக்கு இரண்டு விசை. முதல் தோட்டா சோம்பலாக வெடித்தாலும் இரண்டாவது விசை தன்பாட்டுக்கு வேலை செய்யும், அதனால் வருடக்கணக்காக யாருக்கும் எதுவும் தெரியவில்லை. புதியதற்குள் ஒரு சின்ன எடைக்கட்டி இருக்கிறது என்றும், முதல் வெடியின் உதையில் அது அசைந்தால்தான் விசை மேல்குழலுக்கு மாறும் என்றும் பாலிடெக்னிக்கில் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அடுப்புக்கு மேலே தோட்டா வைத்து அத்தனை வருடம் எதுவும் நேராமல் இருந்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு அன்று அந்த எடைக்கட்டியைப் பற்றித் தெரியாது. தோள் சொன்னது போதுமானதாக இருந்தது.

மறுநாள் சித்தப்பாவின் முறை. கறுத்ததை வீட்டிலேயே ஒதுக்கிவிட்டு, பளிச்சென்ற இரண்டை மட்டும் போட்டுக்கொண்டு அம்மா பாறை ஏறினாள். எனக்கும் நோட்டுக்கும் அனுமதி கிடைத்தது. பொழுது மங்கும்போது கீழே கிழங்குச் செடிகள் அசைந்தன. சித்தப்பா அவநம்பிக்கையோடு தகரத்தைக் கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். அம்மா சுட்டாள். பன்றிகள் நிமிர்ந்தன. அதற்குள் இரண்டாவதும் வெடித்து, அதன் சத்தம் எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வந்தது. கூட்டம் மொத்தமும் ஓடையில் விழுந்து ஓடுவது கல் உருளும் சத்தமாகக் கேட்டது.

அம்மா துப்பாக்கியைத் திறந்தாள். எகிறிய காலித் தோட்டா ஒன்று நேராகச் சித்தப்பாவின் மார்பில் பட்டு விழுந்தது. அவர் அதை எடுத்துச் சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

“என்னைய வேணும்னே அடிக்குதுங்க அண்ணி.”

“நீங்க பேசினதக் கேட்டிருக்கும்,” என்றாள் அம்மா.

தைக்கு அப்பா வந்தபோது சித்தப்பா லைசன்ஸ் பேச்சை எடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், “காவல் மொறைய இனி அண்ணியே எழுதட்டுங்க அண்ணா, பாப்பா நோட்டு வெச்சிருக்குது,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடத்திலிருந்து முறைப் பட்டியல் அம்மா சொல்ல என் கையெழுத்தில் வந்தது.

இப்போது நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு இயந்திரம் சில நாள் ஓடி சில நாள் நின்றால், யாரும் எழுதாத கட்டம் எது என்றுதான் முதலில் தேடுவேன். போன மாதம் விடுப்பில் போயிருந்தபோது அந்த நோட்டை எடுத்துவைத்துச் சரிபார்த்தேன். கோணி நின்ற லீவர் பழகப் பழக நடுவுக்கு வந்துவிட்டது. புதுத் துப்பாக்கிக்கு அதுதான் இயல்பாம், பாவம் அந்தக் கடைக்காரர். முட்டியில் வைத்து அழுத்த வேண்டியதில்லை, இரண்டு விரலில் திறக்கிறது. சரிவைச் சுற்றி சோலார் வேலி வந்ததும் காவல் முறை நின்றுபோனது, பாறையின் படிகளில் பாசி படர்ந்திருக்கிறது. அடுப்புக்கு மேலிருந்த மூங்கில் தட்டும் இல்லை, தோட்டா பீரோவுக்குள் தனியாக இருக்கிறது. நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். சேஃப்டி மட்டும் இன்னும் தானாக விழுகிறது.

லைசன்ஸ் புதுப்பிக்க மறுநாள் அம்மா பஸ்ஸில் கீழே போக வேண்டியிருந்தது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடப் போவது சித்தப்பா. நேரம் கேட்க வந்தவர், அம்மா குழல்களுக்கு எண்ணெய் விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கீழ இருக்கறதுக்கு மூச்சு முட்டாமப் பழகிருச்சுங்களா அண்ணி?”

“அதுதான் தம்பி எப்பவும் மொதல்ல பேசும்,” என்று சொல்லி அம்மா துப்பாக்கியை மூடினாள். அந்த ‘டுப்’ இப்போது காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிறது.