தரையில் நான் அடைத்த ஓட்டை

பிள்ளைகளே, அந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் கடலுக்குப் போவது இரண்டு கிழமை பிந்தியது. ஏதோ ஒரு சாமான் வந்து சேரவில்லை என்று உங்களுக்குச் சொன்னேன். அது பொய். உண்மை உங்கள் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

நாங்கள் வாங்கிய வோன்மொபில், அந்த வீட்டுவண்டி, உங்கள் மூன்று பேரின் வயதைக் கூட்டினாலும் அதைவிட மூத்தது. எசன் நகரில் ஒரு ஜெர்மன் கிழவர் வைத்திருந்தது. அவர் இறந்தபின் மகள் விற்றார். கூரையால் மழைத்தண்ணீர் இறங்கி ஒரு பக்கப் பலகை உக்கிப்போயிருந்தது. வேலையால் வந்து, அதைக் கழற்றிப் புதுப்பலகை போட்டேன். வயர்களை மாற்றினேன். கூரையில் சூரியத்தகடு பூட்டினேன்.

"இதைத் தடவுற மாதிரி என்ரை தையல் மெசினுக்கும் ஒருக்கா எண்ணெய் விடுங்கோவன்" என்று அம்மா வாசலில் நின்று சொல்லுவார்.

காஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் உள்ளங்கை அளவு ஓட்டை ஒன்று இருந்தது. அதால் வரும் குளிர்காற்று பெட்டிக்கதவின் இடுக்கால் நுழைந்து, பக்கத்திலிருந்த கீழ்க்கட்டிலில் பட்டது. அது கடைக்குட்டிக்கென்று ஒதுக்கிய கட்டில். அகதி முகாமில் முதல் பனிக்காலம், கதவு இடுக்கு, யன்னல் இடுக்கு எல்லாவற்றிலும் பழந்துணியை அடைத்துவிட்டுத்தான் நானும் அம்மாவும் படுத்தோம். அன்றிலிருந்து குளிர் வருகிற ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இராது. தகடு வைத்து, பசை பூசி, இறுக்கமாக அடைத்தேன். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன்.

பயணத்துக்கு முன் வண்டியின் காஸைச் சோதிக்க, காஸ் பரிசோதகரிடம் டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் எடுத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வயதான மனிதர். முழங்காலை ஊன்றிப் பெட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"இதை அடைத்தது யார்?"

"பழைய சொந்தக்காரர்" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் டோர்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். "அவருக்கு இந்த வண்டியைப் பரிசோதித்துக் கொடுத்ததே நான்தான். அவர் இப்படிச் செய்யமாட்டார்."

பிறகு அமைதியாக விளக்கினார். இந்தக் காஸ் கசிந்தால் மேலே எழும்பாது. தண்ணீர்போலத் தரையில் தேங்கும். அது வெளியே போகத்தான் அந்த ஓட்டை. கீழ்க்கட்டிலைக் காட்டி, "இங்கே யார் படுப்பது?" என்று கேட்டார்.

"எங்கள் கடைசிப் பிள்ளை" என்று அம்மா சொன்னார்.

பரிசோதகர் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த டெர்மின் இரண்டு கிழமை கழித்துத்தான் கிடைத்தது.

திரும்பி வரும்போது பாதி வழியில் அம்மா கேட்டார்: "இஞ்சரப்பா, தெரியாமல் அடைச்சனீங்கள், சரி. செத்துப்போன மனுசனிலை ஏன் பழியைப் போட்டனீங்கள்? அவர் எழும்பி வந்து இல்லையெண்டு சொல்லுவாரே?"

"வாய் தவறி வந்திட்டுது."

"அப்ப அந்தத் தகட்டை வாயிலை வைச்சு அடைச்சிருக்கலாம்."

அடுத்த நாளே தகட்டை வெட்டி எடுத்தேன். இடுக்கால் காற்று வராமல் பெட்டிக்கதவுக்குப் புதிய ரப்பர் போட்டேன். இரண்டாம் டெர்மினுக்குப் போனபோது, அந்த மனிதர் குனிய முதலே, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: "அடைத்தது நான்தான். குளிருக்குப் பயந்து செய்தேன். பழைய சொந்தக்காரர் இல்லை."

"தெரியும்" என்றார். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அன்று பின்னேரம் நீங்கள் மேலே வீட்டில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் தனியே வண்டிக்குள் ஏறி, கீழ்க்கட்டிலில் காலை மடக்கிப் படுத்தேன். தரையோடு முகத்தை வைத்து நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். பலகை மணம் மட்டும்தான் வந்தது. எழும்பி, கடைக்குட்டியின் படுக்கையில் இன்னொரு கம்பளிப் போர்வையை விரித்தேன்.